ஷேப் பண்ணுவம்

"அங்கிள், மேலயிருந்து தண்ணி சொட்டுது. எங்கட ஹஸ்பண்ட் தொழுறதுக்கு முகம் கை கழுவி ஒளு எடுக்கப் போனா மண்டையிலதான் விழுது!"

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. வெள்ளவத்தைத் தொடர்மாடியின் இரண்டாம் மாடி அஸீஸா, மூன்றாம் மாடி சண்முகலிங்கத்தின் வாசலில் நின்றாள். மனிதர் இன்னும் பல்லும் தீட்டவில்லை.

"அதுக்கென்ன தங்கச்சி, ஷேப் பண்ணுவம்," என்றார்.

ஷேப் என்றால் உருவம் என்று வெள்ளைக்காரன் நினைத்துக்கொண்டிருக்கிறான், பாவம். கொழும்பில் வந்து ஒரு மாதம் இருந்து பார்க்க வேண்டும் அவன். கல்யாண வீட்டில் சோறு போதாமல் போனால் சமாளிப்பது ஷேப். சம்பந்தி முகத்தைத் திருப்பினால் ஷேப். பஸ்ஸில் மிதித்தவனுக்கும் மிதிபட்டவனுக்கும் நடுவில் கொண்டக்டர் செய்வதும் ஷேப். "என்ன மாதிரி?" என்று கேட்டால், "ஏதோ ஷேப்பாப் போகுது." புறக்கோட்டைக் கந்தோர் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் சண்முகலிங்கம் பார்த்த உத்தியோகமே, கத்திக்கொண்டு வருகிறவர்களை ஷேப் பண்ணி அனுப்புவதுதான். ஓய்வு பெற்ற பிறகும் அது அவரை விட்டபாடில்லை. களைத்துப் போயிருந்தார்.

ஞாயிறு நாலு மணிக்கு மகள் மிதுனாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஆறாவது சம்பந்தம். மாப்பிள்ளை கஜீவன், கொட்டாஞ்சேனை. புதன்கிழமை மெல்பேர்னுக்குத் திரும்பிவிடுவான். இதுவும் தவறினால் சாதகக் கட்டை மறுபடி தூக்கிக்கொண்டு திரிய அவருக்குச் சத்தியமாகத் தெம்பில்லை. "எனக்கு இப்ப வேண்டாம் அப்பா," என்று மிதுனா மூன்று தரம் சொன்னாள். மூன்று தரமும் அவர் அதை ஷேப் பண்ணிவிட்டார்.

"இண்டைக்கெண்டு கூப்பிட்டால் எந்த பாஸ் வருவான்?" என்று மனைவி ஜெகதீஸ்வரி தலையில் கைவைத்தாள்.

"பைப் வேலை செய்யிற நல்ல பாஸ் ஒருத்தரை எனக்குத் தெரியும். நான் கூப்பிடுறன்," என்றாள் மிதுனா, லாப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே.

கொலன்னாவையிலிருந்து வேலுசாமி பாஸ் வந்தார். ஊர் ஹட்டன் பக்கம். பாத்ரூம் சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், வைத்தியர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டு டைல்ஸ் ஒடைக்கணுங்க சார். ஷேப்பா முடிச்சிரலாம்."

இரண்டு பதினொன்றானது. சொட்டிய தண்ணீர் பின்னேரம் ஓடத் தொடங்கியது. அஸீஸா வாளியுடன் ஏறி வந்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்கென்று சுட்டிருந்த பயத்தம்பணியாரத்தில் ஒரு தட்டை ஜெகதீஸ்வரி அவளிடம் நீட்டினாள்.

சனிக்கிழமை வேலுசாமி மெயின் வால்வைப் பூட்டினார். நாலாம் மாடி டோரின் அன்ரி அந்த நேரம் தலை முழுக்க ஷாம்பூவோடு நிற்கிறா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"ஆர் தண்ணியப் பூட்டினது?" துவாயைச் சுற்றிக்கொண்டு படியில் நின்று அன்ரி கத்தினா. இன்னொரு தட்டு மேலே போனது. அவசரமாக வால்வைத் திறந்தார்கள். திறந்த வேகத்தில் பைப் வெடித்து ஹோலுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர்.

"இஞ்சருங்கோ, உங்கட ஷேப்பால பலகாரமும் முடிஞ்சுது, வீடும் குளமாப் போச்சு!" ஜெகதீஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. "பேசாமல் கோயிலில வச்சுப் பொம்பிளையக் காட்டுவம்."

"என்னால கோயிலுக்குப் போகேலாது," என்றாள் மிதுனா.

ஜெகதீஸ்வரி கலண்டரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், சண்முகலிங்கம் அங்கே நின்றபடியால் வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிறு பதினொரு மணிக்கும் பாத்ரூம் கிண்டினபடியே கிடந்தது. வேறு வழியில்லை. சண்முகலிங்கம் மாப்பிள்ளையின் தகப்பன் பெரியதம்பிக்குப் போன் எடுத்தார். வந்தவர்கள் முகம் கழுவவும் தண்ணீர் இல்லாத வீட்டுக்கு எப்படிக் கூப்பிடுவது என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார்.

"ஐயோ, இதுக்கேன் கவலைப்படுறியள்?" பெரியதம்பி சிரித்தார். "முறை கிறை பாக்காமல் நாளைப் பின்னேரம் நீங்கள் எங்கட வீட்ட வாங்கோ. ஷேப் பண்ணுவம்."

முப்பத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக ஒருவர் சண்முகலிங்கத்தை ஷேப் பண்ணினார். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. விஷயத்தை மகளிடம் பயந்து பயந்து சொன்னார்.

"சரி அப்பா, போவம்," என்றாள் மிதுனா.

மறுபேச்சே இல்லை! அவள் போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனாள். சண்முகலிங்கம் ஈரச் சோபாவிலேயே சாய்ந்து கண்ணை மூடினார். மூன்று நாளில் அதுதான் அவருடைய முதல் நிம்மதி.

கண் விழித்தபோது ஒரு மணி. பாத்ரூமில் தண்ணீர் சீராக வந்தது. டைல்ஸ் பதித்தாயிற்று. கீழே அஸீஸா வீட்டிலும் ஒரு சொட்டு இல்லையாம். வேலுசாமி ஆயுதப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணித்தியால வேலையே இது? வெள்ளிக்கிழமையே முடிச்சிருக்கலாமே, பாஸ்!"

"முடிச்சிருக்கலாங்க சார், மிதுனா மிஸ்ஸிதான் ஞாயித்துக்கெழம வரைக்கும் இழுக்கச் சொன்னாங்க, இப்ப கொட்டாஞ்சேனைக்கு ஓடணும், கஜீவன்னு ஒரு தம்பி மிஸ்ஸிகிட்ட நம்பர் வாங்கிப் பேசிச்சு, அவங்க வீட்டு பைப்பையும் புதன்கிழம வரைக்கும் இதே மாதிரி ஒடச்சு வைக்கணுமாம்."