ஆனைக்கு ஆள் வேண்டும்

ஆனையாக நிற்க ஒரு பிள்ளையும் முன்வரவில்லை.

“எல்லாரும் முயலா நிண்டா எப்படி?” இரத்தோட்டைப் பாடசாலை மைதானத்தில் அபீபா டீச்சர் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆசிரிய ஆலோசகர் பாறூக் பத்து மணிக்கு வந்துவிடுவார். வேகமாகப் பெருகும் இனமும் மெதுவாகப் பெருகும் இனமும் ஒரே காட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று, தரம் ஒன்பது பிள்ளைகளை வைத்தே அவருக்குக் காட்ட வேண்டும்.

விதி எளிது. தரையில் கிடக்கும் பச்சைத் தாள்கள்தான் புல். புல் எடுத்த முயல் ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் இரண்டு பிள்ளைகளைக் குட்டிகளாகக் கூட்டிவரும். ஆனைக்கு மூன்று சுற்றுக்கு ஒரு குட்டிதான். புல் கிடைக்காதவர் செத்தவர். மதிலோரம் போய்விட வேண்டும்.

கடைசியில் அஸ்ராவும் நாச்சியாவும் முகத்தைத் தொங்கப்போட்டபடி ஆனையானார்கள். இரண்டாம் சுற்றிலேயே செத்தும் போனார்கள்.

டீச்சர் பதறிப்போய் இன்னும் ஒரு கட்டுப் புல்லைத் தூவினார். முயல்கள் அதையும் அள்ளிக்கொண்டு, குட்டி தேடித் தரம் எட்டுக்குள் பாய்ந்தன.

“பஸ்லி, நீ சிறுத்தை! புடி!”

சிறுத்தைக்குப் பயந்த முயல்கள் மற்ற வகுப்புகளில் போய் ஒளிந்தன. வெளியே வரும்போது ஒவ்வொன்றோடும் இரண்டிரண்டு வந்தன.

“டீச்சர், மூச்சு வாங்குது. நானும் முயலாகட்டா?” என்றான் சிறுத்தை.

பாடசாலை அதிபர் ஜுனைதீன் ஓடிவந்தார். “டீச்சர், தரம் ஏழு எங்க?”

“முயலாகிட்டு சேர்.”

“ஆறு?”

“அதுவும்தான் சேர்.”

அந்த நேரம் பார்த்துத்தான் ஆலோசகரின் மோட்டார் சைக்கிள் உள்ளே நுழைந்தது. மைதானம் முழுக்கத் துள்ளிக் குதிக்கும் பிள்ளைகளை அவர் வாய் பிளந்து பார்த்தார்.

“ஆனைகள் எங்க டீச்சர்?”

“அழிஞ்சி போச்சு சேர்.” அபீபா ஏச்சு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார்.

பாறூக்கோ கைதட்டினார். “மாஷா அல்லாஹ்! இதவிடத் தெளிவா யாரும் காட்டேலாது.” கொப்பியைத் திறந்து, ‘மெதுவாகப் பெருகும் இனம் அழிந்தே தீரும்’ என்று பெரிதாக எழுதி, அடியில் கோடும் போட்டார்.

அப்போது மதிலுக்கு மேலாகப் பக்கத்துப் பாடசாலை ரஜிதா டீச்சரின் தலை தெரிந்தது.

“அபீபா டீச்சர்! மதிலேறி வந்த ஒங்க ரெண்டு ஆனையையும் கூப்பிட்டுக்கங்க. இங்க நாலு வகுப்பு ஆனையாயிருச்சு!”