பி.பி. எண் ஏற்கப்படாது

"நீங்க வேற எதையும் தொட்டுறாதீக சார். நிமிஷத்துக்கு ஒரு தடவ கீபோர்டுல இந்த நீளக் கட்டையை மட்டும் தட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே ஆன் மேரி செருப்பை மாட்டினாள்.

"தட்டலேன்னா?" என்றார் மேலாளர் தண்டாயுதபாணி. கணிப்பொறிக்கு முன்னால், பல் பிடுங்க வந்தவர் மாதிரி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு நிமிஷம் சும்மா விட்டா மதுரையில இணைப்பை வெட்டிருவாக."

"பலமாத் தட்டணுமா, மெதுவாத் தட்டணுமா?"

பதில் சொல்ல நேரமில்லை. அவள் தெருவைக் கடந்து எதிரே இருந்த சைக்கிள் கடைக்கு ஓடினாள்.

பம்புசெட் கம்பெனியின் காரைக்குடிக் கிளைக்குக் கணிப்பொறி வந்து மூன்று நாள்தான் ஆகிறது. அது 1997. எத்தனை பம்புசெட் வேண்டும் என்பதை இனித் தபாலில் எழுதக் கூடாது, கணிப்பொறியே தொலைபேசிக் கம்பி வழியாக மதுரைத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிடும் என்றது சுற்றறிக்கை. அதைத் திறக்க இரண்டு சாவிகள். ஒன்று, ஆன் மேரி மனத்துக்குள் வைத்திருக்கும் பாஸ்வேர்டு. இரண்டாவது, ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும் ஆறு இலக்க எண். பாஸ்வேர்டைத் தட்டியதும் மதுரைப் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி ஞானபூரணி தொலைபேசியில் அழைத்து, உரியவர் காதில் மட்டும் அதைச் சொல்வார். பத்து நிமிடத்துக்குள் தட்ட வேண்டும். மூன்று வாய்ப்புகள்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் கணக்கு அவள் பெயரில் திறந்துவிட்டால் அவள் வேலை நிரந்தரம். இல்லையென்றால் திங்கட்கிழமை மதுரையிலிருந்து வேறு ஆள் வந்து உட்காருவார். எட்டு மாதத் தற்காலிக வேலையும் எட்டு மாத மாலைக் கணிப்பொறி வகுப்பும் அத்தோடு சரி.

இன்று வெள்ளிக்கிழமை. மணி இரண்டரை.

அலுவலகத்தில் இருப்பது ஒரே இணைப்பு. அதைக் கணிப்பொறி பிடித்துக்கொள்ளும். எண்ணைக் கேட்க வேறொரு தொலைபேசி வேண்டும். படிவத்தில் அதற்கொரு கட்டம் இருந்தது. கட்டத்துக்குக் கீழே தடித்த எழுத்தில், 'சொந்தத் தொலைபேசி மட்டும். பி.பி. எண் ஏற்கப்படாது' என்று அச்சிட்டு, ஞானபூரணி கையெழுத்துப் போட்டிருந்தார்.

கண்டரமாணிக்கத்தில் ஆன் மேரி வீட்டில் தொலைபேசி இல்லை. எழுதிக் கொடுத்து நாலு வருஷமாகிறது. கல்யாணப் பத்திரிகை, வேலை விண்ணப்பம், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எதில் எண் கேட்டாலும் ஊரில் பாதிப் பேர் பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று எழுதுவதுதான் வழக்கம். கூப்பிட்டால் அவர்கள் ஆளைக் கூட்டிவந்து கொடுப்பார்கள். அவளும் பழக்கத்தில் எதிர்க்கடைச் செம்மலையின் எண்ணைப் போட்டாள். 'பி.பி.' என்ற இரண்டு எழுத்தை மட்டும் எழுதாமல் விட்டாள். அந்த இரண்டு எழுத்தும் மூன்று நாளாகத் தொண்டையில் மீன் முள்ளாக நின்றன.

"வா தங்கச்சி" என்றார் செம்மலை, டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி. "இன்னும் மணி அடிக்கல."

நான்கு நிமிடம் கழித்து அடித்தது.

"ஆன் மேரிதானே? இது உங்க சொந்த நம்பர்தானே?" ஞானபூரணிக்கு மூச்சு வாங்கியது. எத்தனை கிளைகளை ஒருவராகப் பார்க்கிறாரோ! பின்னால் 'டங் டங்' என்று ஏதோ இடைவிடாமல் ஒலித்தது. நடுநடுவே 'புஸ்ஸ்' என்று பெருமூச்சு. குளிரூட்டிய பெரிய கூடம், வரிசை வரிசையாக இயந்திரங்கள் என்று ஆன் மேரி நினைத்துக்கொண்டாள்.

"ஆமா மேடம்" என்றாள். முள் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடிவந்தாள். தண்டாயுதபாணி காதில் ரிசீவரோடு நின்றார்.

"சார்! அதை ஏன் எடுத்தீக?"

"நல்லாத்தான்மா தட்டிக்கிட்டு இருந்தேன். லைன் இருக்கா செத்துருச்சான்னு ஒரு சந்தேகம். எடுத்தா உள்ள ஒருத்தன் கீச்சு கீச்சுன்னு கத்துறான். 'யாருப்பா, என்ன வேணும்'னு மரியாதையாத்தான் கேட்டேன். கோவிச்சுக்கிட்டு வச்சிட்டான்."

திரையில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது. இன்னும் இரண்டு வாய்ப்புகள்' என்ற பொருளில் ஆங்கிலம் மினுக்கியது.

"இனிமே நான் இதுக்குக் கிட்டயே வரல. நீயே உக்காரு. நம்பரை உன்கிட்டக் கொண்டாந்து சேக்குறது என் பொறுப்பு" என்றார் அவர்.

அவர் திட்டம் எளிமையானது. சைக்கிள் கடை வாசலில் பூக் கட்டும் ராக்காயி, ஆன் மேரியாகத் தொலைபேசியில் பேசுவாள். கேட்ட எண்ணைச் செம்மலையிடம் சொல்ல, செம்மலை தெருவுக்குக் குரல் கொடுக்க, வாசலில் நிற்கும் தண்டாயுதபாணி உள்ளே சொல்ல வேண்டும்.

"உரியவர் காதுல மட்டும்னு போட்டிருக்கு சார்."

"உரியவர் காதுக்குத்தான் வருது. கொஞ்சம் சுத்தி வருது."

எதிரே ராக்காயி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க, ஆன்மேரிதான். சொந்தப் போனுதான். எங்க அய்யா சீதனமாக் குடுத்தது" என்று தெருவே கேட்கச் சொன்னாள். ஆன் மேரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏழு!" என்றார் செம்மலை.

"ஏழு!" என்றார் தண்டாயுதபாணி.

"நாலு! ஒம்போது!"

அப்போது இளையாத்தங்குடி பஸ் வந்து இருவருக்கும் நடுவில் நின்றது. செம்மலை விடவில்லை, ஜன்னல் வழியாகக் கண்டக்டரிடம் எண்ணைச் சொன்னார். கண்டக்டரும் பொதுநல உணர்வோடு இந்தப் பக்க ஜன்னலில் தலையை நீட்டி, "ஒண்ணு! ரெண்டு இளையாத்தங்குடி! எட்டு!" என்றார். இடையில் டிக்கெட் கேட்டவருக்கும் பதில் சொல்லிவிட்டார் என்பது தண்டாயுதபாணிக்குத் தெரியவில்லை. அவர் 'ரெண்டை'யும் சேர்த்தே உள்ளே அனுப்பினார். ஆறு இலக்கம் அதோடு முடிந்தது.

ஆன் மேரி தட்டினாள். திரை சிவந்தது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

மணி மூன்று பத்து.

"நம்பரை மாத்திருவோம் சார். பக்கத்து ஜெராக்ஸ் கடை போனு சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு" என்றாள். சுற்றறிக்கையில் பாதுகாப்புப் பிரிவின் எண் இருந்தது. செம்மலை கடையிலிருந்தே அழைத்தாள்.

ஓர் ஆண் குரல் எடுத்தது. "இருங்க, கூப்பிடுறேன்." தொலைபேசியை எடுப்பதற்கே தனியாக ஒரு சிப்பந்தி! ஆன் மேரி மலைத்துப்போனாள். நெடுநேரம் கழித்து ஞானபூரணி வந்தார், இரைக்க இரைக்க.

"மாத்தலாம். ஆனா மாத்தச் சொல்றது நீங்கதான்னு உறுதி பண்ணணும். பழைய நம்பருக்குக் கூப்பிட்டு ஒரு எண் சொல்லுவோம்."

"அந்த நம்பர்லதான் இப்பப் பேசுறேன் மேடம்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? வைங்க, கூப்பிடுறேன்."

வைத்தாள். உடனே மணி அடித்தது. எண்ணைச் சொன்னார்.

"இதை மாற்றுப் படிவத்துல எழுதிப் பதிவுத் தபால்ல அனுப்புங்க. பதினைஞ்சு நாள்ல மாறிரும்."

ஆன் மேரி ரிசீவரை வைத்துவிட்டுக் கடையின் மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். தனக்கு இந்த வேலை சரிப்படாதோ என்ற பழைய சந்தேகம் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

"ஏத்தா, அந்தக் கட்டையைத் தட்டுறது அம்புட்டுப் பெரிய வேலையா?" என்றாள் ராக்காயி. "நான் தட்டுறேன். பத்துப் பூக் கட்டுனா எனக்கு ஒரு நிமிஷம். பத்துக்கு ஒரு தட்டு. கூடையை அங்குட்டுக் கொண்டாந்து வைக்கிறேன்."

ஆன் மேரி நிமிர்ந்தாள். குறிப்பேட்டை எடுத்து வரிசையாக எழுதினாள். ராக்காயி: கட்டை. நான்: போன். செம்மலை அண்ணன்: அது வரை யாரையும் போனைத் தொட விடாமல் பார்ப்பது. சார்: கணிப்பொறியிலிருந்து முடிந்த அளவு தூரம். எழுதிய பிறகு, அவர் மனம் நோகாமலிருக்க, 'பஸ்ஸை நிறுத்துவது' என்று சேர்த்தாள்.

மூன்று நாற்பத்தெட்டுக்குக் கடைசி முறையாகப் பாஸ்வேர்டைத் தட்டினாள். ராக்காயி கீபோர்டுக்குப் பக்கத்தில் மல்லிகையைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பத்துப் பூ, ஒரு தட்டு. பத்துப் பூ, ஒரு தட்டு. ஒரு தடவைகூடத் திரையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மணி அடித்தது. 'டங் டங்', 'புஸ்ஸ்', மூச்சிரைப்பு, ஆறு இலக்கம். ஆன் மேரி உள்ளங்கையை விரித்தபடி தெருவில் பாய்ந்தாள். இளையாத்தங்குடியிலிருந்து திரும்பிய அதே பஸ்ஸின் முன்னால் தண்டாயுதபாணி இரண்டு கையையும் நீட்டி நின்றார்.

"என்ன சார், ஊர்வலமா?" என்றார் கண்டக்டர்.

"கம்ப்யூட்டர்ப்பா, கம்ப்யூட்டர்!"

ஆறாவது இலக்கத்தைத் தட்டியதும் திரை கறுத்தது. பிறகு பச்சையாக, அவள் பெயரோடு விரிந்தது. மணி மூன்று ஐம்பத்தாறு. செம்மலை தெருவிலிருந்தே சைக்கிள் மணிகளை ஒவ்வொன்றாக அடித்தார். ராக்காயி ஒரு முழம் பூவை ஆன் மேரி தலையில் வைத்துவிட்டு, மிச்சத்தைக் கணிப்பொறியின் தலையில் வைத்தாள்.

ஆனால் முள் அங்கேயேதான் இருந்தது.

"உண்மையைச் சொல்லப் போறேன் சார்."

"கிறுக்கு. திறந்துருச்சுல்ல? நிரந்தரமாகப் போற நேரத்துல யாராவது பி.பி.ன்னு சொல்லுவாகளா?"

"பொய் சொல்லி நிரந்தரமானா, வேலையோட அதுவும் நிரந்தரமாயிரும் சார்."

அவள் மறுபடியும் செம்மலை கடைக்குப் போனாள். சொல்ல வேண்டியதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, பாதுகாப்புப் பிரிவின் எண்ணைச் சுழற்றினாள். அதே சிப்பந்திதான் எடுத்தார்.

"ஞானபூரணி மேடம்கிட்டப் பேசணும். தொலைபேசி எண் விஷயமா ஒரு தப்பை ஒத்துக்கணும்" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

"அந்தம்மா இப்பத்தான் மாடிக்கு ஏறுச்சு, பாவம், இன்னைக்கு இது அஞ்சாவது தடவ" என்றது அந்தக் குரல். "அவுக ஆபீசு போனைக் கம்ப்யூட்டர் புடிச்சுக்கிருச்சுன்னு எங்க டீக்கடை நம்பரைத்தான் பி.பி.யாக் குடுத்திருக்காக, இருங்க, பாய்லரை அமத்திட்டுக் கூப்பிடுறேன்."