எங்களை முந்திப் போன டிரெய்லர்

கல்யாணமாகி வந்த முதல் ஆறு மாதத்தில், "எங்கப்பா மிலிட்டரியில லாரி ஓட்டினவரு" என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சாம்பாரில் உப்புக் கூடிப்போனாலும் அதைத்தான் சொன்னேன். அப்பா லாரி ஓட்டியது உண்மை. ஜபல்பூரில் ஒரு மைதானத்தில் அவர் எனக்கு ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் உண்மை. அந்த மைதானத்தில் வளைவு கிடையாது, இறக்கம் கிடையாது, எதிரே ஒரு வண்டி வருவது கிடையாது. வண்டிக்குப் பின்னால் டிரெய்லரும் கிடையாது. இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. (அவர்களும் கேட்கவில்லை.)

ஐம்பதுகளின் கடைசி அது. ஆய்க்குடியில் என் புகுந்த வீட்டில் வயலும் தென்னந்தோப்பும் இருந்தன. யுத்தம் முடிந்தபின் பட்டாளத்தார் ஏலம் விட்ட ஒரு ஜீப்பும், அதன் பின்னால் மாட்டி இழுக்கும் இரண்டு சக்கர டிரெய்லரும் இருந்தன. மாமனார் இல்லை, வீட்டில் எல்லாம் அத்தை சொன்னதுதான். என் வீட்டுக்காரர் தென்காசியில் பள்ளிக்கூட வாத்தியார், பௌதிகம் எடுப்பவர். ஜீப் எப்படி ஓடுகிறது என்று கரும்பலகையில் அழகாகப் படம் போட்டுக் காட்டுவார். ஓட்டத்தான் தெரியாது. வழக்கமாக ஓட்டும் டிரைவர் அந்த வாரம் பார்த்துக் காய்ச்சலில் படுத்துவிட்டார்.

அந்த வாரம்தான் என் நாத்தனார் பார்வதியைப் பெண் பார்க்க நாகர்கோவிலிலிருந்து வருவதாக இருந்தது. சாரல் சீசன். குற்றாலத்தில் நாங்கள் ஒரு வீடு வாடகைக்கு எடுத்துத் தங்குவது, அவர்கள் அருவியில் குளிக்க வந்ததுபோல வந்து மறுநாள் காலையில் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவது என்று தரகர் பேசி முடித்திருந்தார். இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று அதுவரை பார்த்ததில்லை. அதற்குமுன் வந்த இரண்டு இடங்கள் ஏதோ குறை சொல்லித் தட்டிப்போயிருந்தன. பார்வதி வெளியே சிரித்துக்கொண்டிருந்தாலும் ராத்திரிகளில் சரியாகத் தூங்குவதில்லை என்று எனக்குத் தெரியும்.

"இந்த எடத்துல ஒரு குத்தம் சொல்ல வழி வைக்கப்படாது" என்றார் அத்தை. "அது சரி, வண்டிய யாரு ஓட்டுதது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பார்வதியே சொன்னாள்: "மதினியோட அப்பா மிலிட்டரியில லாரி ஓட்டினவரு."

பாரம் ஏற்றுவதை நானே முன்னின்று நடத்தினேன். வழியில் தேவைப்படாத சாமான் எல்லாம் அடியில் போகவேண்டும் என்பது என் திட்டம். அதனால் ஜாக்கியையும் ஸ்பானரையும் டிரெய்லரின் அடியிலே போட்டேன். அதன்மேல் மெத்தைகள், ஜமுக்காளம், அண்டா, அரிசி மூட்டை, மாப்பிள்ளையை உட்காரவைக்க ஒரு தேக்கு மணை. எல்லாம் ஏற்றி முடித்தபின் அத்தை, "ஆட்டொரலு எங்க?" என்றார்.

"அங்கன வீட்டுலயே இருக்குமே அத்தை."

"குத்தாலத்து வீட்டு ஒரல்ல அரைச்சா தோசையில மணலு கடிக்கும். நம்ம ஒரலு வரட்டும்."

நாலு பேர் சேர்ந்து ஆட்டுரலைத் தூக்கி வந்தார்கள். இடம் மிச்சமிருந்தது டிரெய்லரின் வாலில் மட்டும்தான். அங்கேயே வைக்கச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "கோமதி, கனமான சாமான் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால இருக்கணும். வாலுல வச்சா நெம்புகோல் மாதிரி முன்பக்கம் மேல தூக்கும்."

"உங்க பாடத்தப் பள்ளிக்கூடத்துல வச்சுக்கிடுங்க. எங்கப்பா மிலிட்டரியில..."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

துணி காயப்போடும் கொடிக்கயிற்றால் எல்லாவற்றையும் கட்டி (முடிச்சு மட்டும் பதினாலு போட்டேன்) கிளம்பினோம். என் பக்கத்தில் அத்தை. பின்னால் அவரும் பார்வதியும். ஊர் எல்லை தாண்டியதும் வண்டி ஒரு மாதிரி வாலாட்ட ஆரம்பித்தது. நான் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் சற்று யோசித்துவிட்டு இடப்பக்கம் போனது. வேகமாகப் போனால் ஆட்டம் நின்றுவிடும் என்று எனக்கு யார் சொன்னார்களோ, ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். ஆட்டம் நிற்கவில்லை. அத்தை முருகா முருகா என்று சொல்ல ஆரம்பித்தார்.

தென்காசி ஊருக்குள் நுழைகிற இடத்தில் இடது முன்சக்கரம் பஞ்சர்.

"ஸ்டெப்னி இருக்கு, பயப்படாதிய" என்று இறங்கினேன். ஸ்டெப்னி ஜீப்பிலேயே தொங்கியது. ஜாக்கி? அரிசி மூட்டைக்கும் அண்டாவுக்கும் மெத்தைக்கும் அடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

முதலில் டிரெய்லரைக் கழற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஜீப்பின் பின்கொக்கியில் டிரெய்லரின் வளையம் மாட்டியிருக்கும். வளையம் வெளியே வராமல் கொக்கிக்கு மேலே ஒரு மூடி. மூடி திறக்காமலிருக்க அதில் ஒரு ஊசி. அதுவும் போதாதென்று இரண்டு பக்கமும் காவலுக்குச் சங்கிலி. சங்கிலிகளைக் கழற்றினேன், ஊசியை உருவினேன், மூடியைத் திறந்தேன். அவ்வளவுதான். டிரெய்லரின் ஏர்க்கால், அதாவது வளையம் உள்ள அந்த நீண்ட முன்கம்பி, விருட்டென்று வானத்தைப் பார்த்து எழும்பியது. வால் தரையில் குந்திவிட்டது. அரிசி மூட்டை சரிந்து ஆட்டுரலின் மடியில் உட்கார்ந்தது. என் மூக்கு தப்பியது அரை விரல் இடைவெளியில்.

"நெம்புகோல்" என்றார் என் வீட்டுக்காரர், மிக மெதுவாக.

அதற்குள் எங்களைச் சுற்றி ஒரு கூட்டம். சாரலில் மெத்தைகளைச் சாலையோரம் இறக்கினோம். "வீடு காலி பண்ணுதியளா?" என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார். ஜாக்கியை வைத்துத் தூக்கினால் சக்கரம் மேலே வருவதற்குப் பதில் ஜாக்கி ஈரமண்ணுக்குள் இறங்கியது. அடியில் பலகை வேண்டும். கைக்குக் கிடைத்தது மாப்பிள்ளையின் தேக்கு மணை. அத்தை கண்ணை மூடிக்கொண்டார். சக்கரம் மேலே வந்தபிறகு நட்டைத் திருகினால் நட்டோடு சக்கரமும் சேர்ந்து சுற்றியது. தூக்குவதற்கு முன்பே நட்டை இளக்கிவிட வேண்டுமாம். கூட்டத்தில் ஐந்து பேர் ஒரே குரலில் சொன்னார்கள். மறுபடி இறக்கி, இளக்கி, தூக்கி, மாட்டி முடிப்பதற்குள் என் சேலையின் நிறம் என்ன என்று எனக்கே மறந்துபோனது.

அவசரம் அவசரமாகத் திரும்ப ஏற்றினோம். ஆட்டுரல் மறுபடியும் வாலில். (புத்தி வரவில்லையா என்று கேட்பீர்கள். வரவில்லை.) கொக்கியை மாட்டிய பிறகு பார்த்தால் அந்த ஊசியைக் காணோம், சேற்றில் எங்கோ புதைந்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தேன். பார்வதியின் கொண்டையில் நீளமாக ஒரு கொண்டை ஊசி மின்னியது.

"மதினி, இது தாங்குமா?"

"குற்றாலம் இங்கன இருக்கு. தாங்கும்."

சங்கிலிகளை மாட்ட நேரமில்லை. சுருட்டி மெத்தைமேல் போட்டேன்.

குற்றாலம் போகும் வழியில் வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் ஓர் இறக்கம். அதில் இறங்கும்போதுதான் பார்த்தேன், எதிரே சாலையோரம் ஒரு கார் மூக்கைத் திறந்துகொண்டு ஆவி விட்டபடி நிற்கிறது. பக்கத்தில் நாலைந்து பேர். ஓங்கி பிரேக் போட்டேன்.

பின்னால் 'டிங்' என்று சின்னதாக ஒரு சத்தம். அப்புறம் 'தொம்' என்று பெரிதாக ஒன்று. ஜீப் நின்றது. நான் பெருமூச்சு விட்டேன். அப்போது அத்தை என் தோளைத் தொட்டு, "ஏட்டி, நம்ம டிரெய்லரு மாதிரியே ஒண்ணு போவுது பாரு" என்றார்.

பார்த்தேன். நம்முடையதேதான். கயிறு அறுந்து ஆட்டுரல் ரோட்டில் இறங்கிக்கொண்டதும், பாரம் குறைந்த டிரெய்லர் ஏர்க்காலை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு எங்களை வலப்பக்கமாக (அதுதான் முறை) முந்திப் போனது. நின்றிருந்த காரையும் தாண்டியது. அங்கிருந்த ஒரு பெரியவர் அது போவதை நிதானமாகப் பார்த்தார். பிறகு அது வந்த திசையைப் பார்த்து, "டிரெய்லரு வந்திட்டு. ஜீப்பு எங்கன?" என்றார். டிரெய்லர் சாலையைவிட்டு இறங்கி நாற்றங்காலுக்குள் பாய்ந்து நின்றது. ஆட்டுரலின் குழவி மட்டும் தனியாக உருண்டு வந்து அந்தப் பெரியவர் காலடியில் படுத்தது.

கார்க்காரர்களில் ஒரு இளைஞர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அதற்கு முன் திரும்பி, "மாமா, ரேடியேட்டர் மூடியில கைய வச்சிராதிய. ஆறட்டும். இப்பத் தெறந்தா முகம் வெந்துரும்" என்று பெரியவரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். அவரும் பார்வதியும் என் வீட்டுக்காரரும் வழிப்போக்கர் சிலரும் சேர்ந்து டிரெய்லரை இழுத்தார்கள். பார்வதிக்கு முழங்கால்வரை சேறு. ஊசி போன கொண்டை அவிழ்ந்து முதுகில் கிடந்தது.

டிரெய்லர் மேலேறியதும் அந்த இளைஞர் ஆட்டுரல் விழுந்து கிடந்த இடத்தைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், கொடிக்கயிற்றைப் பார்த்தார். "இதை வாலுல வச்சது யாரு? எந்தப் புண்ணியவான் ஓட்டினது?"

மருமகள் ஓட்டினாள் என்று தெரிந்தால் வழியில் போகிறவர்கூடச் சிரிப்பார்; நாளைக்கு இது பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்குப் போகும்.

"நான்தான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்படின்னா கொஞ்சம் ஜீப்ப ரிவர்ஸ்ல எடுங்க சார், கொக்கிய மாட்டிருவோம்."

என் வீட்டுக்காரர் போய் டிரைவர் இடத்தில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். தைரியமாக ஹாரனை அடித்தார். அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அவரு இல்லைங்க, நான்தான்" என்றேன். "ஏத்தினதும் நான், ஓட்டினதும் நான். அவரு சொல்லச் சொல்லக் கேக்காம வாலுல வச்சதும் நான்தான்."

அந்த இளைஞர் சிரிக்கவில்லை. நாகர்கோவிலில் பஸ் பட்டறை வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். ஆட்டுரலை அச்சுக்குச் சற்று முன்னால், அடியிலே உட்காரவைத்தார். அரிசி மூட்டையை அதற்குப் பக்கத்தில் அணைத்தார். லேசான சாமான் மேலே. தன் காரிலிருந்து தடித்த கயிறு எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினார். ஜாக்கியை மட்டும் ஜீப்பில் அத்தையின் காலடியில் வைத்தார். கொக்கியைப் பூட்டப் போனவர் அதில் முறுக்கிக்கொண்டிருந்த கம்பியை உருவிப் பார்த்தார்.

"இது யாரு ஊசி?"

"என்னதுதான்" என்றாள் பார்வதி, முடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. "தாங்குமான்னு கேட்டேன். தாங்கும்னாவ."

அப்போதுதான் அவர் சிரித்தார். பார்வதியும் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் வயிறு குலுங்கச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அத்தைக்கு அப்போதுதான் பட்டறை என்ற சொல் உறைத்தது; மாப்பிள்ளை பட்டறை வைத்திருப்பதாகத்தான் தரகரும் சொல்லியிருந்தார். "அண்ணாச்சி, நீங்க எந்த வீட்டுக்கு வந்திருக்கிய?" என்று பெரியவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"நாளைக்கு ஒரு பொண்ணு பாக்கணும்மா. ஆய்க்குடிக்காரங்க. இங்கன வந்து தங்கியிருக்காவளாம்."

ரேடியேட்டர் மட்டும் இஸ்ஸென்றது. அத்தை சேறு படிந்த தேக்கு மணையை எடுத்து முந்தானையால் துடைத்து அந்தப் பையனின் பக்கத்தில் வைத்தார். "நாளைக்கு எதுக்குப்பா? இப்பவே உக்காரு" என்றார்.

பெரியவர் குழவியைக் கையில் வைத்துக்கொண்டே, "மாப்பிள்ளை, என்னலே சொல்லுத?" என்றார். அவன் முறுக்கிய ஊசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதுதான் பதில்.

ஆவணியில் கல்யாணம். "எம் மருமவ டிரெய்லர விட்டு மாப்பிள்ளைய மறிச்சா" என்று அத்தை ஊரெல்லாம் சொன்னார். அந்தப் பெருமையில் அதன்பிறகும் என்னையே ஓட்டச் சொன்னார். ஆனால் ஒவ்வொரு தடவையும் கிளம்புமுன் இறங்கிப் போய்ச் சங்கிலியை ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் ஏறமாட்டார். என் வீட்டுக்காரர் வகுப்பில் நெம்புகோல் பாடம் வரும்போதெல்லாம் என்னை உதாரணம் காட்டுவதாகப் பையன்கள் வந்து சொல்வார்கள்.

பார்வதிக்கு முதல் பிரசவம். நாங்கள் போய் அழைத்து வருவதற்குள், நாள் இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதே நாகர்கோவிலிலிருந்து தந்தி வந்தது. தந்தி என்றதும் வீடே கலங்கிப்போனது. என் வீட்டுக்காரர் பிரித்து, படித்து, படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். இங்கிலீஷில் நாலைந்து சொல்: டிரெய்லர் முந்திவிட்டது, இருவரும் சுகம்.

அப்படி முந்திப் பிறந்த பெண்ணுக்கு இப்போது நாற்பது வயது. இன்னமும் எதற்கும் முதல் ஆளாகத்தான் வருவாள். வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள்ளிருந்து யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்: "டிரெய்லரு வந்திட்டு. ஜீப்பு எங்கன?"

தெருக்கோடியில், இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு, அவள் புருஷன் மூச்சு வாங்க வந்துகொண்டிருப்பார்.