மாப்பிள்ளை கை வைத்த லேப்டாப்

புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் கிடைக்கும் மரியாதையில் ஓர் ஆபத்து இருக்கிறது. "உனக்குத் தெரியாது, கையை எடு" என்று அவனிடம் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வராது.

நான் இருப்பது கம்ப்யூட்டர் கம்பெனிதான். ஆனால் அங்கே என் வேலை, யாருக்கு எத்தனை நாள் லீவு பாக்கி என்று பார்ப்பது. 'மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் பெரிய ஆளு' என்று தரகர் அளந்துவிட்டபோது நானும் மறுக்கவில்லை (கல்யாணம் நின்றுபோனால் யார் பொறுப்பு?).

தலை ஆடி விருந்துக்கு உத்திரமேரூர் பக்கம் இருக்கும் மாமனார் ஊருக்குப் போயிருந்தேன். அன்று மதியம் மச்சினி கவிதாவுக்கு ஆன்லைனில் வேலைத் தேர்வு. படித்துவிட்டு வீட்டில் இருந்தவளுக்கு வந்த முதல் வாய்ப்பு. இதைக் கோட்டைவிட்டால் வருகிற தையில் அவளுக்கும் கல்யாணம் என்று மாமனார் சொல்லிவிட்டிருந்தார். சாமி கும்பிட என் மனைவியும் அவளும் கோயிலுக்குப் போயிருக்க, கூடத்தில் அவள் லேப்டாப் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

மாமனார் விவசாயி. "இன்னா மாப்ள, காத்தாலேர்ந்து கத்திக்கினே கீது? மோட்டார் இப்டி கத்துனா காயில் பூடும். கொஞ்சம் பாருங்களேன்" என்றார். மாமியார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்காராமல் என்ன செய்வது?

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசசர் நூறு சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டேன். குறையவில்லை. வைரஸ் தேடினேன். அந்தத் தேடல் மீதியிருந்த உயிரையும் வாங்கியது. மாமியார் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து லேப்டாப்பின் பக்கம் திருப்பினார், எனக்கு வியர்த்துக் கொட்டியது. கடைசியில்தான் வாயில் நுழையாத பெயரில் ஓர் ஆசாமி பிராசசரில் பாதிக்கு மேல் தின்றுகொண்டிருப்பதைக் கண்டேன். மூடினால் மறுபடி எழுந்து வந்தான். வைரஸேதான் என்று முடிவுகட்டி அடியோடு நீக்கிவிட்டேன்.

இரைச்சல் நின்றது. மாமனார் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்துவந்து காட்டினார். "எங்க மாப்ள கை வெச்சாரு, கம்முனு அடங்கிப்பூடுச்சி." இதெல்லாம் ஒரு வேலையா என்பதுபோல நான் முகத்தை வைத்துக்கொண்டேன்.

கவிதா வந்து லேப்டாப்பின் முன் உட்கார்ந்தாள். முகம் வெளுத்தது.

"மாமா, பரீட்சை எழுதுற சாஃப்ட்வேர் எங்க?"

எழுதுகிறவர் காப்பியடிக்காமல் கேமரா வழியாகக் கண்காணிக்கும் மென்பொருளாம் அது. காலையிலேயே ஏற்றி, சோதித்து, ஓடவிட்டுப் போயிருக்கிறாள். பிராசசரை அது தின்னத்தான் செய்யும் என்று தேர்வு நடத்துகிறவர்களே சொல்லியிருக்கிறார்களாம். "மாப்ள செஞ்சா அதுல ஏதாச்சும் காரணம் இருக்கும்மா" என்று மாமனார் எனக்காக வாதாடினார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மறுபடி இறக்கலாம் என்றால் வீட்டில் வருகிற சிக்னல் தேர்வு எழுத மட்டும்தான் போதும். அவ்வளவு பெரிய மென்பொருளை இறக்கும் வேகம் ஏரிக்கரையில்தான் கிடைக்கும்; காலையிலும் அங்கே போய்த்தான் இறக்கினாளாம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் பைக்கை விரட்ட, பின்னால் அவள் லேப்டாப்பை அணைத்தபடி பாக்கி நிமிடங்களை உரக்க எண்ணிக்கொண்டு வந்தாள். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. கரைமேல் புளியமரத்தடியில் மென்பொருள் இறங்கி முடிப்பதற்கும் தேர்வு தொடங்குவதற்கும் சரியாக இருந்தது. அங்கேயே எழுத உட்கார்ந்துவிட்டாள்.

கேமராவில் வேறு தலை தெரிந்தாலோ வேறு குரல் கேட்டாலோ தேர்வு ரத்தாம். நான் கரைக்குக் கீழே இறங்கி நின்றேன். அந்த நேரம் பார்த்து ஒரு மந்தை ஆடு அவளை நோக்கி ஏறத் தொடங்கியது. கத்தவும் முடியாது. வாயைப் பொத்திக்கொண்டு, வேட்டியை அவிழ்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டு, அவள் எழுதி முடிக்கும்வரை ஆடுகளை மறித்துக்கொண்டிருந்தேன். அந்த வழியாக வந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"புது மாப்ளதானே நீ? விருந்துக்கு கூப்ட்டு ஆடு மேய்க்க வுட்டாரா உன் மாமனாரு?"

நான் வீடு திரும்புவதற்குள் அந்தச் செய்தி திரும்பியிருந்தது.

கவிதா தேறிவிட்டாள். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று கூப்பிடுகிறவர்களுக்குப் போனில் வழி சொல்வதுதான் இப்போது அவள் வேலை. எடுத்ததும் என்ன கேட்பாய் என்று மாமியார் ஒருநாள் விசாரித்தார். "வூட்டுக்கு புது மாப்ள யாராச்சும் வந்துகீறாரான்னு கேப்பேன்" என்றாள்.

மரியாதை மட்டும் குறையவில்லை. இன்றைக்கும் அந்த வீட்டில் மிக்ஸி நின்றுபோனால், முதலில் எனக்கு இலை போட்டு உட்காரவைத்துவிட்டுத்தான் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள்.