முகத்துவாரக்குப்பத்து ‘ரிப்போர்ட்டு’

எண்ணூர்க் கழிமுகத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்த அத்தனை பேரையும் நடுங்க வைத்த ஒரே மனிதர் ‘ரிப்போர்ட்டு’தான். ஐந்தடி உயரம், ஒரு படகு, ஒரு துடுப்பு. வேறு ஆயுதம் கிடையாது. முகத்துவாரக்குப்பத்தில் அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். அவர் மனைவியே, “ரிப்போர்ட்டு இன்னும் வர்ல” என்றுதான் சொல்லுவாள்.

பெயர் வந்த கதையை ஊரே சொல்லும். முதலில் ஒரு குழு வந்து பாட்டிலில் தண்ணீர், பையில் சேறு எல்லாம் எடுத்துக்கொண்டு, “ரிப்போர்ட் வந்ததும் சொல்றோம்” என்று போனது. வரவில்லை. அடுத்த குழுவும் அப்படியே. மூன்றாவது குழுவைப் படகில் ஏற்றிப் போனவர், நடு ஆற்றில் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ரிப்போர்ட்டு குடுக்குறேன்னு எழுதிக் குடு. அப்பால தான் கரை.”

இரண்டு முனைவர்களும் ஒரு புகைப்படக்காரரும் உச்சி வெயிலில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ரிப்போர்ட் மூன்றே மாதத்தில் பதிவுத் தபாலில் வந்து சேர்ந்ததாம். விஞ்ஞான உலகில் அவ்வளவு வேகம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நான் அங்கே போனது சுனாமிக்குப் பிந்தைய வருடங்களில். அலையாத்திக் காடு இருந்தால் கடல் அடங்கும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். அலையாத்தி நடவும், நட்டதை ஆராயவும் நிதி வந்துகொண்டிருந்தது. அப்படி நிதி வாங்கிய ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்குக் கள உதவியாளர் வேலை. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு அடுப்பு அந்தச் சம்பளத்தில்தான் எரிந்தது.

முதல் நாள் படகில் ஏறியதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னா படிச்சுகீறே தங்கச்சி?”

“பி.காம்.”

“அப்போ சேத்துல இன்னா பண்ணுவே?”

“எழுதுவேன்.”

“எழுது. எனக்கு ஒரு காப்பி.”

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அது ஒரு தடையாகவே அவருக்குத் தோன்றவில்லை. வந்த ரிப்போர்ட்டுகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் படகில் வைத்திருப்பார். ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், வரும்வரை காத்திருக்கும் நேரத்தில் நான் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். ஒரு ரிப்போர்ட்டில், இந்தக் கழிமுகத்தின் ஆரோக்கியம் நடுத்தரமாக உள்ளது என்று இருந்தது. நிறுத்தச் சொன்னார்.

“நடுத்தரம்னா இன்னா? டாக்டரு உன்னப் பாத்து நடுத்தரம்னு சொன்னா, நீ வூட்டுக்குப் போவியா, பெட்டுல சேருவியா?”

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். எழுதிய முனைவருக்கே அது தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் திட்டத்தின் கன்றுகளைச் சாலையோரம், கேமராவுக்கு வசதியான ஒரு மேட்டில் வரிசை வரிசையாக நட்டிருந்தார் எங்கள் நிறுவனத்தின் டைரக்டர். நடும்போதே ரிப்போர்ட்டு சொன்னார்: “இங்க தண்ணி ஏறாது சார். செடி காஞ்சி பூடும்.” டைரக்டர் அவருக்கு ஒரு தொப்பி கொடுத்து அனுப்பினார். ஒரு வருடத்தில் கன்றுகள் எல்லாம் குச்சிகளாகி, காக்கை உட்காரப் பயன்பட்டன.

அப்போதுதான் நிதி கொடுத்த இடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று கடிதம் வந்தது. கன்று பிழைத்திருந்தால்தான் அடுத்த வருட நிதி.

டைரக்டர் கெட்டவர் இல்லை, பயந்தவர். எதிர்க்கரையில் ஓர் ஓடையின் ஓரமாக அலையாத்தி தானாகவே முளைத்து இடுப்பளவு நின்றது. திட்டத்தின் பெயர்ப் பலகையை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும் என்று முடிவு செய்தார். பார்வையிடும் நாள் காலை பலகை படகில் ஏறியது. ரிப்போர்ட்டே குழி தோண்டி, பலகை கோணாமல் நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மண்ணை மிதித்து இறுக்கினார்.

பத்து மணிக்கு ஓர் அம்மாளும் இரண்டு அதிகாரிகளும் வந்தார்கள். எல்லோரையும் ரிப்போர்ட்டுதான் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார். செடிகளைப் பார்த்து அம்மாளுக்கு மகிழ்ச்சி.

“நல்லா வந்திருக்கே. நீங்கதான் நட்டீங்களா?” என்று ரிப்போர்ட்டைக் கேட்டார்.

“போர்டு மட்டும் நான் நட்டேன் மேடம். காலைல ஏழு மணிக்கு.”

டைரக்டர் திடீரென்று வானத்தில் ஏதோ பறவையைத் தேடத் தொடங்கினார்.

“அப்போ செடி?”

“அது தானா வந்துது. இந்த ஓடை வாயி மண்ணு அடைச்சுகினு கெடந்துச்சு. நண்டு இல்லாம பேஜாரா பூட்ச்சு. நாங்கோ நாலு பேரு வெட்டி வுட்டோம். தண்ணி ஏறி எறங்குச்சு, வெதை மெதந்து வந்து குந்திக்கிச்சு. தண்ணிக்கு வயி வுட்டா போதும் மேடம். மத்தத அது பாத்துக்கும்.”

அந்த அம்மாள் ஓடைக் கரையில் குனிந்து, தண்ணீர் ஏறிய தடத்தைப் பார்த்தார். “இதையெல்லாம் எங்கேயாவது பதிவு பண்ணியிருக்கீங்களா?”

“தங்கச்சி நோட்டுல கீது.”

இருந்தது. ஓதத்துக்குக் காத்திருந்த நாட்களில் பொழுது போகாமல் அவர் சொல்லச் சொல்ல எழுதியது: எந்த நாள் தண்ணீர் எந்தக் கல்வரை ஏறியது, எந்தப் பக்கம் புது நண்டு வளை, எத்தனை கொக்கு. ஒரு வருடத்துக் குறிப்பு. நோட்டு அப்போதும் என் தோள்பையில்தான் இருந்தது. டைரக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கள் வீட்டு அடுப்பு ஞாபகம் வந்தது.

“அப்படி ஒண்ணும் இல்ல மேடம்” என்றேன்.

ரிப்போர்ட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு துடுப்பை எடுத்துக்கொண்டார்.

பொய் சொன்னதால் எந்தப் பயனும் இல்லை. நிதி நின்றது. அந்த மாதக் கடைசியிலேயே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் எண்ணூர்ப் பக்கமே போகவில்லை. ரிப்போர்ட்டு மேல் கோபம் என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் வெட்கம்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாளின் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நோட்டோடு வந்து பார்க்கச் சொல்லி. போனேன். அவர் முழு நோட்டையும் என் எதிரிலேயே படித்தார். ஓடைகளில் ஓதம் ஏறி இறங்குவதை ஆராய ஒரு வருடத்துக்கு ஒரு சின்ன நிதி ஒதுக்கப் போவதாகவும், குறிப்பு எடுக்க நான் வர முடியுமா என்றும் கேட்டார். வருகிறேன் என்றேன்.

“நான் இல்லேன்னு சொல்லியும், நோட்டு இருக்குன்னு எப்படி மேடம் நம்புனீங்க?”

“உங்க போட்காரர் நேர்ல வந்து சொன்னார்” என்றார்.

அங்கிருந்து நேராக முகத்துவாரக்குப்பத்துக்குப் பஸ் ஏறினேன். மீதியை ரிப்போர்ட்டின் மனைவிதான் சொன்னாள். அவர் மூன்று பஸ் மாறி அந்த அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். உள்ளே விடவில்லை. வாசலில் குந்திக்கொண்டார். மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் அந்த அம்மாள் காரை நிறுத்தி என்னவென்று கேட்டபோது, “அந்தப் பொண்ணு பயந்துகினு சொல்லிச்சு மேடம், நோட்டு கீது” என்றாராம்.

“வலைல எறா கொட்டுற வாரம் அது” என்றாள் அவர் மனைவி, குழம்பைக் கிளறிக்கொண்டே. “ஊரே தொழிலுக்குப் போச்சு. இது மட்டும் வெள்ளச் சட்ட மாட்டிகினு பஸ்ஸு ஏறிச்சு.”

வெளியே வந்தேன். அவர் வலையில் சிக்கிய பாசியை உதறிக்கொண்டிருந்தார். சொல்வதற்கென்று பஸ்ஸில் நான் யோசித்து வைத்திருந்த வாக்கியங்களை விட்டுவிட்டு, வலையின் மறுமுனையைப் பிடித்தேன்.

“குந்து தங்கச்சி. சாப்ட்டு போ” என்றார், தலை நிமிராமல்.

வழக்கமாக அந்த வீட்டில் எத்தனை வற்புறுத்தினாலும் கூச்சப்பட்டு டீக்கு மேல் தொடமாட்டேன். அன்று மட்டும் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.