தாமுவே ஆறாம் மாடியில் வைஃபை பெட்டி கண்மூடிய வரலாறு

யங்கோன், தாமுவே
திங்கட்கிழமை

மகாகனம் பொருந்திய மாப்பிள்ளை தேவராஜ் அவர்களின் பினாங்கு சமூகத்துக்கு, நூற்றெட்டுப் படிகளுக்கு மேலே ஆறாம் மாடியில் வீற்றிருப்பவனும், உங்கள் மனைவிக்கு அண்ணனாகப் பிறந்ததைத் தவிர வேறு குற்றம் அறியாதவனுமாகிய வேலப்பன் எழுதுவது. இங்கே நான் சுகம், வீட்டம்மா டோ சான் சுகம், என் பொறுப்பில் நீங்கள் விட்டிருக்கும் உங்கள் மகள் பூர்ணா சுகம். தங்கை சாந்தியின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் சுகமாக இல்லை என்பது போன புதன்கிழமை போனில் போட்ட சத்தத்திலேயே தெரிந்தது. அந்தச் சத்தத்தில் எங்கள் இரண்டாம் மாடிப் பூனை பத்து நாள் முன்னதாகவே குட்டி போட்டுவிட்டது.

உங்கள் கம்பெனியிலேயே பூர்ணாவுக்கு ஒரு வேலை, புதன் காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் வழியாக நேர்முகம், கிடைத்தால் பிள்ளை நம்மோடு வந்துவிடுவாள் என்று ஆறு மாதமாக நீங்களும் சாந்தியும் கோட்டை கட்டினீர்கள். "உங்க பொண்ணு விஷயம் சரிப்படல" என்று மட்டும் ஆபீசில் சொன்னார்களாம். ஏன் சரிப்படவில்லை என்று சொல்ல, போனில் நான் வைஃபை என்று ஆரம்பித்ததுமே குறுக்கே விழுந்தீர்கள். ஆகவே எழுத்தில் சொல்கிறேன். வியாழக்கிழமை பினாங்குக்கு விமானம் ஏறும் நம் ராஜரத்தினம் கையில் இது உங்களுக்கு வந்து சேரும்.

செவ்வாய்க்கிழமை காலை. மறுநாள் நேர்முகத்தில் பிள்ளையின் முகம் நடுங்காமல் தெரிய வேண்டுமே என்று, வைஃபை பெட்டிக்கு உள்ளே மூளை மாதிரி இருக்கிற ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றிவிட முடிவு செய்தேன். இப்படிப்பட்ட காரியத்தை நேரம் பார்க்காமல் செய்யலாமா. மதுரையிலிருந்து வந்த நாள்காட்டியில் நல்ல நேரம் ஏழே முக்கால் என்று போட்டிருந்தது. அது இந்தியா நேரம், நமக்கு ஒரு மணி கூட்ட வேண்டும், ஆகவே எட்டே முக்கால். எங்கள் தெருவுக்கு அன்று கரண்ட் ஒன்பது மணி வரைக்கும்தான். "காலண்டர் அங்க உள்ளவங்களுக்கு, கரண்ட் இங்க உள்ளவங்களுக்கு, இப்பவே போடுங்க" என்று டோ சான் சொன்னார். உலக மேதைகள் எந்தக் காலத்தில் மனைவி பேச்சைக் கேட்டார்கள். எட்டே முக்காலுக்குக் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, அது கோணலாக உடைந்ததால் இன்னொன்று வாங்க நூற்றெட்டுப் படி இறங்கி ஏறி, மூச்சு வாங்கி முடித்து நான் பொத்தானை அமுக்கும்போது மணி எட்டு ஐம்பத்தேழு. இடையில் அணைக்காதீர்கள் என்று திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது. நான் அணைக்கவில்லை. அறுபத்து மூன்று சதவீதத்தில் தாமுவே முழுவதும் அணைந்தது.

மத்தியானம் ஒரு மணிக்கு "மீ லாபீ" என்று தெருவே கத்தியது, கரண்ட் வந்துவிட்டதாம். எல்லா வீட்டுக்கும் வந்தது, எங்கள் பெட்டிக்கு மட்டும் வரவில்லை. ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும், அணையும், திரும்ப மினுக்கும், அவ்வளவுதான். டோ சானின் கொண்டை ஊசியைப் பின்னால் இருக்கிற ஓட்டையில் முப்பது விநாடி குத்திப் பிடித்தேன், முந்நூறு விநாடி பிடித்தேன், கம்பியைக் கழற்றி மாட்டினேன், அரிசிப் பானையில் புதைத்து வைத்தேன், கடைசியில் கெஞ்சினேன். போனில் டேட்டா இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதில் பிள்ளையின் முகம் சதுரம் சதுரமாக, தரையில் ஓடு பதித்த மாதிரி தெரிந்தது. அந்த முகத்துக்கு யார் வேலை கொடுப்பார்கள்.

பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி தாகேதா போனேன். அங்கே போன், பெட்டி எல்லாம் ரிப்பேர் பார்க்கிற ரிஹான் என்ற பையன் இருக்கிறான், டாக்டர்களுக்கு இல்லாத பொறுமை, பர்மிய மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் 'ஊ' போட்டுத்தான் கூப்பிடுவான். மூடியைத் திறந்து மூன்று கம்பி வைத்துத் தன் கம்ப்யூட்டரில் பார்த்தான்.

"ஊ வேலப்பன், இது உயிரோடதான் இருக்கு. எழுந்திருக்கத்தான் தெரியல. பாதி எழுந்து, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்குது."

"கரண்ட் போனதுனாலதானே?"

"கரண்ட் போகாட்டியும் இப்படித்தான் ஆகியிருக்கும். நீங்க போட்டது வேற பெட்டியோட ஃபைல். இது அஞ்சாவது வெர்ஷன், ஃபைல் மூணாவதுக்கு."

"பேரு ஒண்ணுதானேப்பா."

"எங்க தெருவுல மூணு ஷாஹுல் இருக்காங்க. ஒருத்தர் செருப்பை இன்னொருத்தர் போட்டு நடப்பாரா?"

அவன் வேலை செய்ய, நான் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை, எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெட்டியும் நல்ல பெட்டி, ஃபைலும் நல்ல ஃபைல், ஏற்றியவனும் நல்ல எண்ணத்தோடுதான் ஏற்றினான், ஒருத்தர் மேலும் குறை சொல்ல முடியாது, ஆனால் அது மட்டும் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறது. ஏற்றுவதற்கு முன்னால் அடியில் ஒட்டியிருக்கிற சீட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதும். அரை நிமிஷ வேலை. எனக்குத் தோணவே இல்லை.

சரியான ஃபைலை ஏற்றிப் பெட்டியை அவன் என் கையில் கொடுத்தது மறுநாள் சாயங்காலம். அதற்குள் உங்கள் பத்து மணி போய்விட்டது. குற்றம் முழுவதும் என்னுடையது. பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

அங்கே உங்கள் இருவருக்கும் கை கால் சுகமும், கேட்டதெல்லாம் கிடைக்கும் யோகமும், என்னைப் போன்ற மைத்துனனைப் பொறுக்கும் பெருந்தன்மையும் எல்லாம் வல்ல முருகன் அருள வேண்டுகிறேன்.

உங்கள்,
வேலப்பன்

பி.கு.: இதை மடித்து ஒட்டப் போகும்போது பூர்ணா வாங்கி, எழுத்துக் கூட்டி முக்கால் மணி நேரம் படித்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க மாமா. கிழமைதான் தப்பு" என்றாள்.

பெட்டி கண்மூடியது வியாழக்கிழமை. புதன் காலை பத்து மணிக்கு அது கல்யாண வீடு மாதிரி எரிந்துகொண்டிருந்தது. பூர்ணா தலைவாரி, நல்ல சட்டை போட்டு அதன் முன்னால் உட்கார்ந்து, உங்கள் ஆபீஸ் அம்மாவிடம் இங்கிலீஷில் மரியாதையாகச் சொன்னாள்: இந்த வேலைக்கு ஆசைப்பட்டவர் என் அப்பா, அவர் அங்கேதான் இருக்கிறார், எனக்கு வேண்டாம். கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டேன். அப்புறம் நீங்கள் போன் செய்தீர்கள். அவள் முகத்தைப் பார்த்தேன், என் வாயில் வைஃபை என்று வந்துவிட்டது. பொய் சொன்னால் அதற்கு ஒரு பிணம் வேண்டாமா. மறுநாள் வேண்டுமென்றே வேறு ஃபைலைத் தேடி ஏற்றி, பாதியில் பிளக்கை நானே பிடுங்கினேன். கற்பூரம், தேங்காய், காலண்டர் எல்லாம் சும்மா. டோ சானும் அப்படிச் சொல்லவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ரிஹான் சொன்னது மட்டும் நிஜம்.

"அப்பாவுக்குப் பொய் போகக் கூடாது மாமா. பெட்டி கெட்டுப் போனதுனால நான் வரலைன்னு இருக்கக் கூடாது. நான் வேண்டாம்னு சொன்னேன்."

"அப்ப நீயே போன் பண்ணிச் சொல்லேன்."

"என்ன வேணும்னு அப்பா கேட்டா சொல்வேன். இதுவரைக்கும் கேட்டதில்ல."

கேளுங்கள் மாப்பிள்ளை. கேட்டுவிட்டு, அவள் முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதீர்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என் வாயில் எதுவும் நிற்காது என்பது உங்களுக்கே தெரியும். இது நிற்கும்.