வெள்ளிக்கிழமை கதவு திறக்கும்

"வெள்ளிக்கிழமை அந்தக் கதவு தொறந்தாகணும். இல்லேன்னா திங்கட்கிழமைலேர்ந்து வேற ரைட்டர்" என்று சொல்லிவிட்டு டைரக்டர் பஞ்சாட்சரம் போனை வைத்தார்.

மறுமுனையில் இருந்தவர் மரியதாஸ். வடபழனியில் படமாகும் அந்த மெகா சீரியலுக்கு இரண்டு வருடமாகக் கதை, வசனம் எல்லாம் அவர்தான். முதல் வாரத்தில், ஹாலில் பூட்டியிருந்த பச்சைக் கதவைக் காட்டி, "அம்மா, அந்த ரூம்ல என்ன இருக்கு?" என்று கதாநாயகி கேட்டாள். என்ன வைப்பது என்று தோன்றாமல், "அதை மட்டும் கேட்காதே!" என்று அம்மாவை அலற வைத்தார் மரியதாஸ். பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு.

அந்த அலறலுக்கு ஊரே கிறங்கிப் போனது.

கதாநாயகி விடாமல் கேட்டாள். மரியதாஸ் அம்மாவை மாடிப்படியில் உருட்டி, நினைவு தப்ப வைத்தார். "எனக்குத் தெரியும்" என்று சித்தப்பா வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் லாரி மோதியது. பார்த்தால், லாரி டிரைவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அவனை விசாரித்த இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, "இனி யாரும் அதைக் கேட்கக் கூடாது" என்று தொப்பியைக் கழற்றினார்.

ஒரே கேள்வியை நானூறு எபிசோடு இழுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மனுஷன் கில்லாடிதான், ஒத்துக்கொள்ள வேண்டும். கதைக்குள் நான்கு பேருக்கு அந்த ரகசியம் தெரியும். தெரியாத ஒரே ஆள் அதை எழுதியவர்.

மயிலாப்பூர் வீட்டில் மனைவி ஃப்ளோரன்ஸ் காபியை நீட்டினாள். "எனக்கு மட்டுமாவது சொல்லுங்களேன்."

"அத மட்டும் கேக்காத, ஃப்ளோரன்ஸ்."

அவளுக்குக் கோபமே வரவில்லை. "கட்டின பொண்டாட்டிகிட்டயே மூச்சு விடமாட்டேங்கறாருன்னா பாத்துக்கோங்க!" என்று பக்கத்து வீட்டில் பெருமை அடித்துக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் சர்ச்சில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார்.

"ஃபாதர், நான் ஊரையே ஏமாத்திக்கிட்டிருக்கேன்..."

"அது கெடக்கட்டும். அந்த ரூம்ல என்னப்பா இருக்கு?"

வெள்ளிக்கிழமை காலை யூனிட் மொத்தமும் பச்சைக் கதவின் முன் கூடி நின்றது.

"சொல்லுங்க சார், உள்ள என்ன வைக்கணும்?" என்றார் பஞ்சாட்சரம்.

உண்மையை ஒப்புக்கொண்டு வேலையை விட்டுவிடலாம் என்று மரியதாஸ் வாயெடுத்தார். அதற்குள் அம்மாவாக நடிக்கும் சோஃபியா கண் கலங்கினாள். "ரெண்டு வருஷமா ஒத்த ஆளா மனசுல வச்சிருந்தீங்களே சார்! உங்கள மாதிரி வருமா?"

அப்படிச் சொன்ன பிறகு எப்படி ஒப்புக்கொள்வது? மரியதாஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"உள்ள இருக்கறது... அம்மா."

"அம்மா இங்க நிக்கறாங்களே?"

"இவங்க அம்மா இல்ல. அம்மாவோட ரெட்டைப் பிறவி. நெஜ அம்மாவ இருபது வருஷமா உள்ள அடைச்சு வச்சிருக்காங்க. அந்தப் பொண்ணு ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்தக் கதவத் தொறந்து பாத்திருந்தா, பெத்தவளப் பாத்திருப்பா."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. இரட்டை வேடம் கிடைத்த சோஃபியா விசும்பினாள். பஞ்சாட்சரம் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "இன்னும் ரெண்டு வருஷம் நீங்கதான் சார் ரைட்டர்!"

மரியதாஸுக்கே கண்ணில் நீர் முட்டியது. தன்னைப் பார்த்துத் தனக்கே பிரமிப்பாக இருந்தது.

கதவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த செட் ஆள் கரீமுல்லா மட்டும் தலையைச் சொறிந்தார்.

"இன்னா சார் இது, வேற கதவு இல்லன்னு போன வருஷத்துலேர்ந்து ஹீரோயினு பெட்ரூமுக்கும் இதே கதவத்தானே காட்டிக்கினு கீறோம், அந்தப் பொண்ணு தெனமும் இத தொறந்துதானே தூங்கப் போவுது... கேக்கலாம்னுதான் பாத்தேன், நீங்கதான் கேக்காத கேக்காதன்னுக்கினே இருந்தீங்க!"